எண்பது லீற்றர் பொய்லர்

"தலையில சம்பூ நுரை, கண்ணில எரிவு, குழாயில ஐஸ்! இது என்ர வீடோ, இல்லாட்டி உன்ர பெஞ்சாதியின்ர நீச்சல் குளமோ?"

தலையில் துவாயைச் சுற்றியபடி குளியலறையிலிருந்து வெளியே வந்து சிசிலி கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவன் மகன் சஞ்சயன். குறிவைக்கப்பட்டவள் அடுப்படியில் நின்ற மருமகள் கவிசா. காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் கீழ்வீட்டு ஜசிந்தா. சண்டை தொடங்கியதுமே அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் சுவர்கள் மெலிசு.

சஞ்சயனுக்கு இரத்தம் கொதித்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று, கல்யாணம் கட்டியும் வேறு வீடு பார்க்காதவன் அவன். "பிள்ளை எண்டால் சிசிலியின்ர பிள்ளை" என்று கோயிலில் புகழாதவர்கள் இல்லை. அதே வாயால், "இன்னும் தாய்தான் முட்டை உரிச்சுக் குடுக்கிறாவாம்" என்று வெளிவாசலில் சிரிக்காதவர்களும் இல்லை.

ஜேர்மனியின் தெற்கே, எர்லாங்கன் நகரில் அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்திருந்தது. வருகிறானா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். இத்தனை வருசம் வாழ்ந்த கொலோன் நகரை விட்டு வரவே மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா வராத ஊருக்குத் தானும் போவதில்லை என்று அவனும் முடிவெடுத்துவிட்டான். அப்படி முடிவெடுத்தவனுக்குத்தான் இந்த மரியாதை!

எல்லாம் குளியலறையில் இந்தப் புதுச் சுடுதண்ணீர்ப் பொய்லர் வந்த பிறகுதான். பூட்டியவர் அம்புறோஸ். கோயிலில் தெரிந்த மனிதர், மின்வேலையில் கெட்டிக்காரர். தாங்கியில் தண்ணீரை நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாய் காற்றையெல்லாம் கக்கி முடித்து ஒழுங்காக ஓடும்வரை நின்று பார்த்து, அதன் பிறகுதான் கரண்ட் கொடுத்தார். "வெறும் தாங்கிக்குக் கரண்ட் குடுத்தால் தண்ணியைச் சூடாக்கிற கொயில் கம்பி எரிஞ்சு போம்" என்று வகுப்பும் எடுத்தார். எண்பது லீற்றர் மூன்று பேருக்குத் தாராளம் என்று சத்தியமும் பண்ணினார்.

அந்தத் தாராளத்தில்தான் வீடு இப்போது பல்லுக் கிடுகிடுக்கக் குளிக்கிறது. சஞ்சயன் கணினி நிரல் எழுதுகிறவன்தான். ஆனால் பொய்லரின் பக்கம் போகவே பயம். அம்புறோசுக்குத்தான் போன் போட்டான். அடுத்த தெருக்காரர், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, குளியலறைக்குள் போய், எதையோ தட்டி, எதையோ திருகி, வெளியே வந்தார்.

"பொய்லரில ஒரு பிழையும் இல்லை தம்பி. சுண்ணாம்பு படியேல்லை. சூடேறேக்க சொட்டவேண்டிய வால்வும் ஒழுங்காச் சொட்டுது."

"அப்ப ஏன் அங்கிள் பச்சைத்தண்ணி வருது?"

அம்புறோஸ் தொண்டையைச் செருமினார். "அது... பொய்லர் என்ன செய்யும்? உள்ளதைத்தானே குடுக்கும்."

"கேட்டியே!" சிசிலி பாய்ந்தாள். "பிழை பொய்லரில இல்லை, குளிக்கிற ஆளில! விடிய இவள் உள்ள போனால் நான் ஒரு முழுச் செபமாலை சொல்லி முடிக்கலாம்."

"நான் சுறுக்கெண்டு வந்திடுவன் மாமி! நீங்கள்தான் ஒரு கோப்பை கழுவச் சுடுதண்ணியைத் திறந்துவிட்டிட்டு மன்னாருக்குப் போன் கதைக்கிறனீங்கள்."

"வாயைப் பார்! ஜேர்மன் பள்ளிக்கூடத்தில இதைத்தான் படிப்பிச்சவங்களோ?"

"ஓம். உண்மையைச் சொல்லத்தான் படிப்பிச்சவங்கள்."

கீழே ஜசிந்தா தொலைக்காட்சியை முற்றாகவே நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ!" சஞ்சயன் மேசையில் ஓங்கி அடித்தான். "இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, இதைவிடப் பெரிசா ஒண்டு பூட்டுவம். சரியோ?"

"கடலைக் கொண்டந்து பூட்டினாலும் இவளுக்குக் காணாது!"

"அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்லுறியள்?"

"எர்லாங்கனோ என்னவோ எண்டனியெல்லே? இவளையும் கூட்டிக்கொண்டு அங்க போ. போய் நாள் முழுக்கக் குளிக்கட்டும்."

"உங்களைத் தனிய விட்டிட்டோ அம்மா?"

"தனிய இருந்தாலாவது தண்ணி சுடும்! எனக்கு இந்த வயசில பிள்ளையும் வேண்டாம், மருமகளும் வேண்டாம். சுடுதண்ணிதான் வேணும்!"

சஞ்சயன் அம்மாவையும் குளியலறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். தராசின் ஒரு தட்டில் எண்பது லீற்றர் தண்ணீர், மறுதட்டில் பெற்ற பிள்ளை. அம்மாவுக்குத் தண்ணீர்தான் கனத்திருக்கிறது!

"சரி. வடிவாக் குளியுங்கோ!"

அந்த இடத்திலேயே போனை எடுத்தான். எர்லாங்கனுக்கு அழைத்து, ஜேர்மன் மொழியில், வருகிறேன், எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக வருகிறேன் என்றான். கவிசாவைப் பார்த்து "பெட்டியளை அடுக்கு" என்று உறுமினான். சப்பாத்தைக் காலில் அரைகுறையாகக் கொழுவிக்கொண்டு அவன் அறைந்து சாத்திய கதவில், ஜசிந்தாவின் அலுமாரிக் கோப்பைகள் கிலுங்கின.

சிசிலி ஜன்னலோரம் போய், அவன் தெருமுனையில் திரும்பும்வரை அசையாமல் நின்றாள்.

"கொஞ்சம் கூடக் கத்திப்போட்டன் மாமி, நொந்ததோ?" என்று கேட்டபடி கவிசா அவள் கையில் சூடான கொத்தமல்லித் தண்ணியைக் கொடுத்தாள்.

"கத்தாட்டி அவன் என்ர சீலைத் தலைப்பை விட்டுப் போவானோ?" சிசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளியலறை வாசலில் இன்னும் நின்றவரிடம் திரும்பினாள். "அம்புறோஸ் அண்ணை, நான் சொன்னதுக்காகக் குறைச்சு வைச்ச சூட்டை இனி ஏத்திவிடுங்கோ, என்னோட சேர்ந்து பச்சைத்தண்ணியில குளிச்சு, பாவம், இந்தப் பிள்ளைக்கும் தடிமன் பிடிச்சிட்டுது."