கடைசியில் வருகிற ஆள்

"ஆரை எண்டு முதல் சொல்லாமல் உது என்ன பாஷை?"

இரத்தினம்மா போட்ட சத்தத்தில் ரியூசன் கொட்டிலின் தகரமே அதிர்ந்தது. அச்சுவேலிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் சைக்கிளை நிற்பாட்டிக் காலூன்றினார்கள். எங்கள் ஒழுங்கையில் சண்டை என்றால் கத்தரிக்காய் கொஞ்சம் காத்திருக்கும்.

றெஜி ரீச்சரும் விடவில்லை. குருநகர்ப் பெட்டை. கடற்காற்றை மீறிக் கூப்பிட்டு வளர்ந்த குரல்.

"அம்மா, இங்கிலீஷில உப்பிடித்தான். முதல் ஒரு வேலை. நடுவில ஒரு அண்ட். பிறகு மற்ற வேலை. ஆள் கடைசியிலதான் வருவார். ரெண்டு வேலைக்கும் ஒரு ஹிம் காணும்."

பலகையில் எழுதியிருந்ததை வாசித்தும் காட்டினாள். ஐ நோ அண்ட் லைக் ஹிம். தெரியும், பிடிக்கும், அவரை.

"தெரியுமாம், பிடிக்குமாம்! அந்த மனிசன் வந்து சேருறதுக்கிடையில பிளேன் வெளிக்கிட்டிடும்."

பிளேன் என்றது லண்டன் பிளேனை. இரத்தினம்மாவின் மகள் கஜானிக்கு லண்டனில் சம்பந்தம் பேசியாயிற்று. பேசியது தகப்பன் தியாகராசாவின் தங்கச்சி. தங்கச்சி சொன்னால் தியாகராசா சூரியனையும் மேற்கே உதிக்கச் சொல்லுவார். முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள்: விசாவுக்கு இங்கிலீஷ் சோதனை இருக்கு, பிள்ளை கதைப்பாளோ, ஒரு வொய்ஸ் அனுப்புங்கோ.

அதுதான் இந்தப் படையெடுப்பு. தியாகராசா வாசலில் மோட்டார் சைக்கிளை ஓஃப் பண்ணாமலே அதன்மேல் இருந்தார். கொடுத்த வாக்கும் அவரோடு சேர்ந்து ஸ்ராட்டில் நின்றது.

கஜானிக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்.

வீடியோவில் பெண் பார்த்தபோது, சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல், "ஒருக்கால் நடந்து காட்டச் சொல்லுங்கோ" என்றவன் அவன். அவள் நடக்கவில்லை. வீட்டார் அதை வெட்கக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

வேண்டாம் என்று அவள் சொல்லாமலும் இல்லை. ஆனால் தமிழில் தொந்தரவைப் பாருங்கள். "அவரை எனக்கு" என்று வாய் திறந்த உடனேயே ஆள் வெளியே வந்துவிடுகிறார். அந்த அளவில் தியாகராசா பாய்ந்து விழுவார். 'வேண்டாம்' பாவம், வாலில் தொங்கிக்கொண்டு வாய்க்குள்ளேயே செத்துப்போகும்.

வகுப்பில் இருந்த கஜானி பலகையைப் பார்த்தாள்.

இந்தப் பாஷையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் ஆள் வருகிறார். குறுக்கே விழ ஒருவருக்கும் நேரமில்லை.

"நான் சொல்லுறன்" என்று எழும்பினாள்.

றிஜெக்ட் என்ற சொல் சரிவராது. வீட்டுக்கு ஒரு விசா றிஜெக்ட் ஆன ஊர் இது. ஆடுமாட்டுக்கும் அது விளங்கும். புத்தகத்தில் படித்த, சட்டை கசங்காத சொல் ஒன்றை எடுத்தாள்.

இரத்தினம்மா போனை நீட்டி, பெருவிரலால் அமத்திப் பிடித்தாள்.

"ஐ மெட் அண்ட் டிக்லைன்ட் ஹிம்."

றெஜி ரீச்சரின் கையில் சோக்கட்டி இரண்டாக முறிந்தது. சந்தித்தேன், மறுத்துவிட்டேன், அவரை. இரண்டு வேலைக்கும் ஒரு ஆள்.

இரத்தினம்மா மகளைப் பார்த்தாள். பிறகு ரீச்சரைப் பார்த்தாள்.

"பிழை ஒண்டும் இல்லையே ரீச்சர்?"

றெஜி தொண்டையைச் செருமினாள். "ஒரு பிழையும் இல்லை, அம்மா."

"அப்ப இன்னொருக்கால் சொல்லு பிள்ளை. உரத்து. லண்டனுக்குக் கேக்கோணும்."

கஜானி சொன்னாள். இந்தமுறை சைக்கிள்காரருக்கும் கேட்டது. இரத்தினம்மா விரலை எடுத்தாள். வொய்ஸ் போய்விட்டது.

"என்னப்பா, பிள்ளை வெட்டி விழுத்துறாள்!" தியாகராசா அப்போதுதான் மோட்டார் சைக்கிளை ஓஃப் பண்ணினார். வகுப்பு முழுக்கவும் சோடா எடுத்துக் கொடுத்தார். கஜானி போத்தலை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். தேர் இழுத்து இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவளைப்போல முகமெல்லாம் வேர்த்து மினுங்கியது.

சோடா முடியவில்லை, லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் தாயின் வொய்ஸ் வந்தது: "பிள்ளையின்ரை இங்கிலீஷ் வடிவாய் விளங்கீட்டுது. வைக்கிறம்."

அந்தப் பாராட்டைத் தியாகராசா ஒழுங்கை முழுக்கப் போட்டுக் காட்டினார். பின்னேரம் தங்கச்சி போன் எடுத்து ஏசியபோதுதான் விஷயம் விளங்கி, கதிரையில் தொப்பென்று இருந்தார். இனி ஒன்றும் செய்ய முடியாது; பெண் தன் வாயால் சொன்னது கடல் கடந்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் இரத்தினம்மாவை நினைத்துத்தான் சிரித்தோம். விளங்காத மனிசி, தன்ரை கையாலேயே அனுப்பிப்போட்டு நிக்குது என்று.

லண்டன் மாப்பிள்ளை ஆவணியில் சுன்னாகத்தில் ஒரு பிள்ளையைக் கட்டினார். அந்தப் பிள்ளை நடந்து காட்டினவளாம். கஜானி அடுத்த தையில், தான் விரும்பிய பார்த்தீபனைக் கட்டித் திருகோணமலைக்குப் போனாள்.

கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மனிசி வந்திருந்தா. எண்பத்திமூன்று கலவரத்துக்கு முந்தி, ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரத்தினம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையாம்.

இரண்டு பேரும் பந்தி முடியும்வரை இங்கிலீஷில் கதைத்துக் கதைத்துச் சிரித்தார்கள். தியாகராசா பாயாசக் கோப்பையோடு திறந்த வாய் மூடாமல் நின்றார்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.