முதல் பிடி உரம்

கப்பலில் உரம் வருவது நின்றுபோய்ப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. இப்போது கும்பகோணத்துச் சாக்கடை முழுவதும் செவ்வந்தி நடத்தும் உர நிலையத்தின் தொட்டிகளுக்குத்தான் வருகிறது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அவள் கலக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பாள். கல் உப்பைப் போல வெள்ளை மணிகளாக உரம் அடியில் திரளும். துளி நாற்றம் இருக்காது.

சம்பா நடவுக்கு முதல் பிடி உரம் வாங்க, விவசாயி கலியமூர்த்தி குளித்து வேட்டி மாற்றி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வாசல்வரை வரிசை நின்றது.

செவ்வந்தி பொட்டலத்தைக் குட்டைச் சுவரின்மேல் வைத்துவிட்டு இரண்டடி விலகி நின்றாள். சாக்கடைக்குள் இறங்கி வேலை பார்த்த அவள் அம்மாவின் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கியதில்லை. எதையும் கீழே வைத்துவிட்டு விலகி நிற்கும் அம்மாவின் பழக்கம் இவளையும் விடவில்லை.

கலியமூர்த்தி பொட்டலத்தைத் தொடவில்லை. செவ்வந்தியின் முகம் வாடியது.

"எடுத்துக்குங்கய்யா."

"செவுத்துல வச்சா எப்படிம்மா? போன வருசம் உன் உரம் போட்டுத்தான் எங்க பயிரு சாயாம நின்னுது. உன் கைராசிக்குத்தானே இத்தன பேரு வந்து நிக்கிறோம். உன் கையால குடு" என்று இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.

செவ்வந்தி பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி அள்ளினாள். அவள் விரல்கள் அவர் உள்ளங்கையில் பட்டன.

வரிசையில் அடுத்து நின்றவர் தன் கைகளை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் முன் ஏந்தினார்.