பட்டியலில் கடைசிப் பெயர்

1968-ஆம் வருடக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். உபதேசியார் ஆரோக்கியநாதன் இறந்தவர்கள் பட்டியலில் நாற்பத்திரண்டு பெயர்களை எழுதி முடித்திருந்தார். மகள் பவுலினாவின் பெயர் மட்டும் பாக்கி. வருடா வருடம் அதைக் கடைசியில்தான் எழுதுவார். இது நான்காவது தடவை.

ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கொடுப்பார்கள். உபதேசியார் எழுதிக் கொடுக்க, மறுநாள் பூசையில் பங்குச் சாமியார் உரக்கப் படிப்பார். ஊரே அந்தப் பெயர்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

காலையிலிருந்து ஊரார் தங்கள் குடும்பக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியநாதனுக்கு அந்த வேலை கிடையாது. அவருக்குக் கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும்.

பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு அச்சுத்தாள் கிடந்தது. பெங்களூரிலிருந்து வந்த நாவல். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு விசுவாசி' என்று மட்டும் இருந்தது.

"எழுதுனவங்களோட உள்நோக்கம் என்னன்னு படிச்சுச் சொல்லும். நீர் சரின்னாத்தான் கோவில் நூலகத்துல வைப்பேன். நாளைக்கு நாலு மணி பஸ்ஸுல அவங்களை உம்ம வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கேன்" என்று நேற்றே சொல்லியிருந்தார் சாமியார்.

"கதை என்னாங்க?" கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்த மனைவி மரியாயி கேட்டாள்.

"ஒரு பொண்ணு. வருசா வருசம் இந்தப் பூசைக்கு வந்து தூண் மறைவுல நிக்கிறா. செத்தவங்க பேரைப் படிக்கிறாங்க. அதுல அவ பேரும் வருது. கேட்டுட்டுப் போயிடறா."

"என்னாத்துக்கு வர்றாளாம்?"

ஆரோக்கியநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கதையில யார் என்ன பேசறாங்கன்னு பாக்கக் கூடாது. எது திரும்பத் திரும்ப நடக்குதுன்னு பாக்கணும். உள்நோக்கம் அங்கதான் இருக்கும். மூணு வருசம் பேர் படிக்கிறாங்க. ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பாக்கலை. அப்படின்னா, ஆத்துமா அலையுது, இன்னும் பூசை வைங்கன்னு சொல்ல வர்றாங்க. ஆனா ஆவி கோவிலுக்குள்ள வந்து நிக்கிறது வேதத்துக்கு விரோதம். வேணாம்னுதான் சொல்லப்போறேன்."

மரியாயியின் சல்லடை நின்றது. "அவ செத்துட்டான்னு அதுல எங்கனா எழுதியிருக்கா?"

அவர் தாள்களைப் புரட்டினார். சாவு எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லை; காய்ச்சல் இல்லை, கிணறு இல்லை, பாம்பு இல்லை. "பேரைப் படிக்கிறாங்களே. அப்புறம் அதைத் தனியா வேற எழுதணுமா?"

"ஓகோ, நீங்க பேர் எழுதினாப் போதுமாக்கும்!" சல்லடை மறுபடி ஆடியது.

அவர் நாற்பத்து மூன்று என்று எண் போட்டு, 'ப' என்று ஆரம்பித்தார். இப்போதெல்லாம் அதை எழுதும்போது உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

நாலு மணி ஓசூர் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது.

"உள்ளே வாங்க" என்றார் தலை நிமிராமல். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தக் கதையை எதுக்கு எழுதினீங்க?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு பெண் நின்றாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை, ரொம்ப நாள் பழகியது போல் மரியாயியிடம் தாவியது.

"இந்த வருசமாச்சும் என் பேரை எழுதாதீங்கப்பா."