ஈரலுக்கு ஒரு காரணம்

கண்கள் மஞ்சளாகிப் போனதிலிருந்து அருளானந்தத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு நாளாப் பழக்கம்?" என்றுதான் கேட்டார்கள். ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. அவரோ பாட்டிலைத் தொட்டே அறியாத விளையாட்டு வாத்தியார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஈரலை எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது என்று டாக்டர் சொன்னதை ஒவ்வொருவரிடமும் ஒப்பித்தார். "எதனால அப்படி?" என்றால்தான் மாட்டிக்கொள்வார். பரம்பரையாக இருக்கலாம், எப்போதோ வந்த வைரஸ் காய்ச்சலோ சாப்பிட்ட மாத்திரையோ கிளப்பிவிட்டிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே கையை விரித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வில்சன் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட என்ன மறைப்பு மாப்ள?" என்று தோளில் கை போட்டார்.

அருளானந்தத்துக்குப் பொறுமை தீர்ந்துபோனது. "ஆமா, குடிச்சேன். தினமும் குடிச்சேன். போதுமா?" என்று கத்தினார்.

வில்சனின் முகம் தெளிந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்த ஜெசிந்தா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருபது வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி, தலை நிமிராமல் கேட்டாள்:

"எங்க வச்சுக் குடிச்சீங்க?"