பலாலிக்கு முதுகு காட்டி

லண்டனில் இருக்கும் மகளிடம் பிளேனில் போக வெளிக்கிட்ட சிவக்கொழுந்து, சண்டிலிப்பாய் வீட்டு வளவுப் பங்கர் குழிக்குள் பட்டுச்சேலையோடு குந்தியிருக்கிறாள். மேலே குண்டுவீச்சு விமானம் இரைகிறது. கூரைப் பனங்குற்றி இடுக்கால் கொட்டும் மண் அவள் திருநீற்றை மூடுகிறது. வாசல் படலையடியில் பயணத்துக்கு வைத்த நிறைகுடம் சரிந்து கிடக்கிறது. "நல்லநேரம் தப்பப் போகுது, மச்சாள்" என்கிறார் கணவனின் தம்பி அருளம்பலம். "நல்லநேரமோ?" என்கிறாள் அவள். "கலியாணம் முடிச்ச கையோடை உதிலை இருக்கிற பலாலி எயார்போட்டிலை ஏறி, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலை கொழும்பிலை இறங்கினனாங்கள். இப்ப ஆமி அதைப் பிடிச்சு வைச்சு, அங்கையிருந்து எழும்பி வந்து எங்கடை தலையிலை குண்டு போடுறாங்கள். நான் ஒரு பிளேன் ஏற, கிளாலிக் கரைக்குச் சைக்கிளிலை போய், வள்ளத்திலை கடலேரி தாண்டிக் கொழும்புக்குப் போகோணும்! ஆருடைய பலாலி உது?" இரைச்சல் பலாலிப் பக்கம் இறங்கி அடங்குகிறது. மண்ணைத் தட்டாமலே வெளியே வந்தவள், பிளேன் ஏறுவதற்காக, பலாலிக்கு முதுகு காட்டி அருளம்பலத்தின் சைக்கிள் கரியரில் ஏறுகிறாள்.