சுடலைமணிக்கு அழைப்பு இல்லை

சிமென்ட் ஆலையில் இயந்திரங்களோடு சேர்த்து ஆட்களையும் பராமரிப்பு மென்பொருள்தான் கவனித்துக்கொண்டது. சூளைப் பிரிவு ஃபிட்டர் சுடலைமணிக்கு இருமல் கூடும்போதெல்லாம், மருத்துவரிடம் போகச் சொல்லிப் பழைய மென்பொருள் நச்சரிக்கும். புதியது வந்த பிறகு அவருடைய கைப்பேசி வாயே திறக்கவில்லை.

"நெஞ்சு சரியாயிட்டுன்னுதான அர்த்தம்?" கேன்டீனில் டிபன் டப்பாவைத் திறந்தபடி பூரித்துப்போனார். "இந்தத் தடவ ஆயுதபூஜைக்குப் புது கம்ப்யூட்டருக்குத்தான் பெரிய மாலை, செண்பகம்."

அவர் மனைவி செண்பகம் தலையை மட்டும் ஆட்டினாள். பராமரிப்பு அலுவலகத்தில் பழைய தகவல்களையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்தவளே அவள்தான். மாற்றி முடித்ததும் புது மென்பொருள் தானே வகை பிரித்தது. அவள் புருஷனை அது பல்புகளோடும் வடிகட்டித் துணிகளோடும் சேர்த்திருந்தது: பழுதுபார்க்க வேண்டாம், நிற்கும்வரை ஓடட்டும். ஊரில் இருந்த ஒரே மருத்துவமனையும் ஆலையுடையது; மென்பொருள் கூப்பிடாத ஆளை அங்கே பார்ப்பதில்லை. மேலதிகாரியிடம் அழுது பார்த்தாள். மென்பொருள் முடிவு செய்ததில் கை வைக்க முடியாது என்றுவிட்டார். புருஷனிடம் சொல்லத்தான் அவளுக்கு நா எழவில்லை.

அப்போது அவளுடைய கைப்பேசி ஒலித்தது. ரத்த அழுத்தம் சற்றே கூடியிருக்கிறது, இன்றே மருத்துவரைப் பார்க்கவும் என்றது.

சுடலைமணிக்கு முகம் செத்துவிட்டது. பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"உன்னைய எதுக்குட்டி கூப்பிடுது?" இருமலை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். "வா, இப்பவே போவோம். உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"