குழியோரப் பந்து

“மாப்பிள்ளை, உங்க மனசு ஒரு இடத்துல நிக்கல. மூச்சை விட்டுட்டு ஸ்டிக்கை நேராத் தள்ளுங்க,” என்றார் அப்பா, ஜெயித்த மிதப்பில்.

மாப்பிள்ளை பணிவாகத் தலையாட்டினான். மகளுக்குத்தான் தலை சுற்றியது. பில்லியர்ட்ஸில் கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தவன், அப்பாவிடம் மட்டும் வாராவாரம் மண்ணைக் கவ்வுகிறான். பந்து குழியோரம் வரை போய் நின்றுவிடுகிறது.

மறுநாள் கிளப்பில் எட்டிப் பார்த்தாள். தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். அங்கேயும் ஒரு பந்துகூட விழவில்லை.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு? கண் டாக்டரைப் பார்ப்போமா?”

“கொஞ்சம் பேசாம இரு, கவனம் சிதறுது.”

மூச்சை அடக்கி அடித்தான். பந்து உருண்டு போய்க் குழியோரம் நின்றது. அவன் முகம் மலர்ந்தது.

“உள்ளே தள்றது சுலபம். இப்படி நிக்க வைக்கறதுக்குத்தான் உயிர் போகுது. போன மாசம் ஒரு தடவை விரல்கடை தள்ளி நின்னுடுச்சு. பக்கவாதம் வந்த கை, மாமாவால அடிக்க முடியல. ‘இனி இந்தக் கை எதுக்கும் ஆகாது’ன்னு அறைக்குள்ள போய்ப் படுத்துட்டாரு.”

அவள் அந்தப் பந்தை எடுத்து, மறுபடியும் மேசை நடுவில் வைத்தாள்.